பொருத்திய கடிகாரமும் ஓடும் கடிகாரமும்

நாவல், சிறுகதை, மரபுக்கவிதை, புதுக்கவிதை ஆகியவற்றையே ஆராய்ந்து பழகிய நம் கட்டுரைத் தொகுப்பில், கைப்பேசியில் ஆடும் ஆட்டமொன்றைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பையும் சிலர்க்கு எரிச்சலையும் தரக்கூடும். மாணவர் கையிலிருந்து கைப்பேசியை வாங்கி அலமாரியில் பூட்டி வைக்கும் தலைமையாசிரியன் இதற்கா நேரம் செலவிடுவது என்று என் நண்பர்களே நகைத்தனர். இந்த ஆட்டம் ஒரு கதை சொல்கிறது; மாந்தரைப் படைக்கிறது; உடைந்த பொருளை உடைந்த உறவுக்கு உவமையாக நிறுத்துகிறது. உவமை சொல்லும் எதுவும் திறனாய்வுக்கு உரியதே என்பது என் துணிபு. உவமை பொருந்துகிறதா, பொருந்தவில்லையா என்று கேட்கும் உரிமை வாசகனுக்கு உண்டு, ஆடுபவனுக்கும் உண்டு.

ஆட்டத்தின் பெயர் 'அசெம்பிள் வித் கேர்'. கவனமாகப் பொருத்துக என்பது அதன் பொருள். இலண்டனிலுள்ள அஸ்டூ கேம்ஸ் என்னும் நிறுவனம் 2019ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஆப்பிள் ஆர்கேட் வழியே இதனை வெளியிட்டது. 2014ஆம் ஆண்டில் 'மான்யுமெண்ட் வேலி' என்னும் ஆட்டத்தால் புகழ் பெற்றவர்கள் இவர்கள். விடுமுறைக்கு ஈப்போவிலிருந்து வந்த என் மகள் தன் கைக்கணினியில் இதைக் காட்டினாள். வெளியே மழை, தானா ராத்தா சாலையில் வழக்கம்போல் வாகன நெரிசல், வேறு போக்கிடமில்லை. அன்று பிற்பகலே ஆடி முடித்துவிட்டேன். நீண்ட ஆட்டமன்று.

மரியா என்னும் பெண், பழம்பொருள்களைச் சீர்செய்பவள். ஊர் ஊராகச் சுற்றும் அவள் பெல்லாரிவா என்னும் வெயில் காயும் சிற்றூருக்கு வருகிறாள். ஊர்த்தலைவரும் அவருடைய மகளும், மனம் பிரிந்த சகோதரிகள் இருவரும் தத்தம் உடைமைகளை அவள் மேசைக்குக் கொண்டு வருகின்றனர். ஒலிநாடாப் பெட்டி வருகிறது, படக்கருவி வருகிறது, கைக்கடிகாரமும் வருகிறது. நாம் விரலால் பொருளைத் திருப்பிப் பார்த்து, திருகாணிகளைக் கழற்றி, உள்ளுறுப்புகளை வெளியே எடுத்து, பழுதானதை மாற்றி, மீண்டும் அடுக்கி மூட வேண்டும். ஒவ்வொரு பொருளும் சீராகும்போது அதற்குரியவரின் கதையும் சற்று நகர்கிறது.

முதலில் பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆட்டத்தில் மதிப்பெண் இல்லை. வாளோ துப்பாக்கியோ இல்லை. விநாடிகளைக் குறைத்துக் காட்டி விரலைப் பதறவைக்கும் அந்தச் சிவப்பு எண்ணும் இல்லை. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் ஆடும் ஆட்டங்களை ஒருமுறை அருகிருந்து பார்த்தவர்க்கு இதன் அருமை விளங்கும். அவையெல்லாம் ஆடுபவனைத் துரத்துபவை. இதுவோ அவனை மேசையருகே அமர்த்துகிறது. மேலும், கெட்டுப் போனதை எறிந்துவிட்டுப் புதியது வாங்கும் காலத்தில், திறந்து பார்த்துச் சீர்செய்யலாம் என்று ஓர் ஆட்டம் சொல்வது சிறிய செய்தியன்று. பிரித்த உறுப்புகளை வரிசையாக வைக்கும் ஒழுங்கை அது சொல்லாமலே கற்றுத் தருகிறது. மேற்பலகையை மூடிய பிறகு ஒரு துண்டு மேசையில் எஞ்சினால், திரும்பத் திறக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு மகிழ்ச்சியே.

என் மனநிறைவைக் குலைத்தவள் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி. மகளிடமிருந்து கைக்கணினியை இரவல் வாங்கி, வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடவேளையில் பிள்ளைகளுக்குக் காட்டினேன். எங்களுடையது தோட்டத்துப் பள்ளி. வகுப்பில் பிள்ளைகள் சிலரே. எல்லாருக்கும் கைவைக்க வாய்ப்புக் கிடைத்தது. கடிகாரத்தைப் பொருத்தி முடித்ததும் பையன்கள் கைதட்டினர். அவள் மட்டும் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "ஐயா, இது சரியான மணி காட்டுமா?" என்றாள்.

காட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. ஏனென்றால், அந்த வினாவுக்கு அந்த ஆட்டத்தில் இடமே இல்லை. உறுப்புகள் அதனதன் இடத்தில் அமர்ந்துவிட்டால் அங்கே கடிகாரம் முடிந்தது. உண்மையான கடிகாரத்திலோ, உறுப்புகள் அமர்ந்த பின்னர்த்தான் வேலை தொடங்குகிறது.

இதனைச் சற்று விரித்துரைக்க வேண்டும். சாவி கொடுக்கும் கைக்கடிகாரத்தில் ஆற்றலைத் தருவது, ஓர் உருளைக்குள் சுற்றி அடைக்கப்பட்ட எஃகுச் சுருள். அதனைத் தன்போக்கில் விட்டால் சில விநாடிகளில் அவிழ்ந்து ஓய்ந்துவிடும். பல்சக்கரங்கள் அந்த ஆற்றலை வரிசையாகக் கடத்திச் செல்ல, கடைசியில் நிற்கும் ஒரு சிறு நெம்பு அதனைத் துளித்துளியாக விடுகிறது. அந்த நெம்புக்கு ஆணையிடுவது, இப்படியும் அப்படியும் ஊசலாடும் ஒரு சக்கரம். அதன் நடுவில் தலைமயிரினும் மெல்லிய சுருளொன்று உண்டு. பழைய கைக்கடிகாரங்கள் பலவற்றில் இந்த ஊசலாட்டம் மணிக்கு 18,000 துடிப்பு. அதாவது விநாடிக்கு ஐந்து, நாளொன்றுக்கு 4,32,000. அந்த மெல்லிய சுருளின் ஊசலாடும் நீளம் இம்மியளவு குறைந்தால் கடிகாரம் விரையும், கூடினால் பிந்தும். மட்டமாகக் கிடக்கும்போது ஒரு வேகம், கையில் தொங்கும்போது வேறொரு வேகம். வெறும் எஃகால் ஆன சுருளாயின் குளிரில் விறைத்துக் கடிகாரத்தை முந்தச் செய்யும். வெப்பநிலை மாறினாலும் தன் இயல்பு பெரிதும் மாறாத நிக்கல் எஃகுக் கலவைகளைக் கண்டறிந்த கியோம் என்னும் அறிஞர்க்கு 1920ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அக்கலவைகளுள் ஒன்றே கடிகாரச் சுருளுக்கு உதவியது. மயிரிழைச் சுருளை நேர்படுத்துவதற்கு உலகம் எத்துணை உழைத்தது என்பதற்கு இஃதொரு சான்று.

ஒரு நாளில் 1,440 நிமிடங்கள். அவற்றுள் ஒரே ஒரு நிமிடம் பிழைத்தாலும் கடிகாரம் சரியில்லை என்று கடைக்கு எடுத்துச் செல்கிறோம். நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கும் மாணவனுக்கு மேடையேற்றிப் பரிசளிக்கிறோம்! கடிகாரத்திடம் நாம் கேட்பது அத்துணை கடுமையான நேர்மை.

இதை நான் நூலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் தந்தையார் தேயிலை ஆலையில் கொழுந்து உருட்டும் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். கூட்டுப் பணம் எடுத்து 17 கல் வைத்த கைக்கடிகாரம் ஒன்று வாங்கினார். எங்கள் லயத்தில் அதற்கு முன் கைக்கடிகாரம் கட்டியவர் கிராணி வீட்டாரைத் தவிர வேறொருவர் இல்லை. மற்றவர்க்குப் பொழுதென்பது ஆலைச் சங்கு. அதற்கும் முந்திய தலைமுறைக்குப் பெரட்டுக் களத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு. மணி நம்மிடம் இராது, நம்மேல் அடிக்கப்படும். 1929ஆம் ஆண்டில் போ தோட்டம் தொடங்கப்பட்டபின் இம்மலைகளில் காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்கள் வாழ்ந்தது இவ்வாறு தட்டி எழுப்பப்பட்ட பொழுதில்தான்.

அந்த மணியும் நிலையாக நின்றதில்லை. மலாயாவின் கடிகாரத்தை ஆட்சியாளர்கள் பலமுறை திருகியிருக்கிறார்கள். 1933இல் இருபது நிமிடம் முன்னே. 1941இல் மேலும் பத்து நிமிடம். 1942இல் ஜப்பானியர் வந்ததும் தோக்கியோ மணிக்கு ஒன்றரை மணி நேரம் முன்னே. அவர்கள் போனதும் மீண்டும் பின்னே. கடைசியாக, தீபகற்பத்தையும் சபா, சரவாக்கையும் ஒரே மணிக்குக் கொண்டுவருவதற்காக 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணியை நள்ளிரவு பன்னிரண்டாக்கினார்கள். அப்போது எனக்குப் பத்து வயது. மண்ணெண்ணெய் விளக்கின் கீழ் அப்பா தம் கடிகாரத்தின் முள்ளை அரை மணி நேரம் முன்னே தள்ளியதை அருகிருந்து பார்த்தேன். சூரியன் பழைய பொழுதுக்கே எழுந்தான். நாங்கள்தாம் இருட்டில் பள்ளிக்குப் போனோம்.

முள்ளைத் தள்ளினால் பொழுது தள்ளுமெனில், உள்ளே என்னதான் இருக்கிறது என்னும் ஆவல் என்னை விடவில்லை. சில வாரங்கள் கழித்து, அப்பா இரவு வேலைக்குப் போய்க் கடிகாரத்தை வீட்டில் விட்டிருந்த ஒரு நாளில், சமையலறைக் கத்திமுனையால் பின்மூடியைத் திறந்தேன். கழற்றியவற்றை ஒரு தட்டில் வரிசையாகத்தான் வைத்தேன். பொருத்தவும் செய்தேன். ஏறக்குறைய எல்லாம் அமர்ந்தன. சாவி கொடுத்தேன், ஓடவில்லை. ஊசலாடும் சக்கரத்தின் மெல்லிய சுருள் என் நகம் பட்டு மடங்கியிருந்தது. அப்பா அடிக்கவில்லை. கடிகாரத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, அடுத்த ஞாயிறு என்னையும் அழைத்துக்கொண்டு தானா ராத்தாவுக்குப் பேருந்து ஏறினார்.

அங்கே கடை ஒன்றின் அஞ்சடியில் ஒரு சீனப் பெரியவர் கண்ணாடிப் பெட்டி வைத்து உட்கார்ந்திருப்பார். கண்ணில் உருப்பெருக்கியை இடுக்கிக்கொண்டு, அரை மணி நேரத்துக்கு மேல் தலை நிமிராமல் வேலை செய்தார். சுருளை மாற்றினார்; எண்ணெயிட்டார்; மூடினார்; கடிகாரம் துடித்தது. நான் பெருமூச்சு விட்டேன். அவரோ காசு வாங்கவில்லை. கட்டிக்கொண்டு போய் நாள்தோறும் வானொலி மணியோடு ஒத்துப் பார்த்து, அடுத்த ஞாயிறு வரச் சொன்னார். ஒரு வாரம் பார்த்தோம். நாளுக்கு நான்கு நிமிடம் முந்தியது. அவர் மூடியைத் திறந்து, ஒரு சிறு நெம்பை ஊசிமுனையால் தொட்டார். அசைந்ததே என் கண்ணுக்குத் தெரியவில்லை. மறுவாரம் ஒரு நிமிடம் பிந்தியது. மீண்டும் திறந்தார். மூன்றாம் வாரம்தான் காசு வாங்கினார். பொருத்துவதற்கு அரை மணி நேரம். ஓடவிட்டுச் சரிபார்ப்பதற்கு மூன்று வாரம். இந்தக் கணக்கு என் நெஞ்சில் அன்றே பதிந்தது.

என் தந்தையாரின் தொழிலிலும் இதே கணக்குத்தான். பறித்த கொழுந்தை வாடவைத்து, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்த வேண்டும். இன்ன கட்டத்துக்கு இன்ன மணி என்று கணக்கிருந்தாலும், மழைநாள் கொழுந்தும் வெயில்நாள் கொழுந்தும் ஒரே மணிக்குப் பதமாவதில்லை. இலையைக் கையில் அள்ளி, அழுத்தி, முகர்ந்துதான் பதம் காண்பார்கள். கையில் கடிகாரம் கட்டியிருந்தும் அவர் மூக்கை நம்பினார்.

இப்போது ஆட்டத்துக்குத் திரும்புவோம். ஓர் ஆட்டம் கடிகாரத் தொழிற்பள்ளி ஆகவேண்டியதில்லை என்பர். உண்மைதான். ஓசூரிலுள்ள டைட்டன் ஆலையிலும் பெங்களூரில் இருந்த எச்.எம்.டி. ஆலையிலும் இளைஞர்கள் பயின்று கைவரப்பெற்ற திறனை ஒரு பிற்பகல் ஆட்டம் தந்துவிடாது. தரவேண்டும் என்று கேட்பவன் கலையறியாதவன். உறுப்புகளைக் குறைத்தது குற்றமன்று. கை நடுக்கத்தையும் தெறித்தோடும் திருகாணியையும் விட்டதுகூடக் குற்றமன்று. ஓவியன் மரத்தின் எல்லா இலைகளையுமா வரைகிறான்?

என் குறை வேறு. இந்த ஆட்டம் கடிகாரத்தைக் கடிகாரமாக மட்டும் காட்டியிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். அது கடிகாரத்தை மனித உறவுக்கு உவமையாக்குகிறது. தந்தையும் மகளும், அக்காளும் தங்கையும் பிரிந்து நிற்பதைப் பொருளின் பழுதோடு இணைக்கிறது. பொருள் சீரானதும் மனமும் சீராகிறது. திருகாணி இறுகும்போது உறவும் இறுகிவிடுகிறது. இங்கேதான் உவமை முடமாகிறது. பிணங்கியவர் ஒரு மேசையில் அமர்ந்து பேசிவிட்டார்கள், நல்லது. அது பொருத்துதல். மறுநாள் காலை என்ன ஆயிற்று? ஒருவர் நான்கு நிமிடம் முந்தினாரா, மற்றவர் ஒரு நிமிடம் பிந்தினாரா? மீண்டும் மூடியைத் திறக்க வேண்டியிருந்ததா? இந்த வினாக்களைக் கதை எழுப்பவே இல்லை. மரியா தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறோர் ஊருக்குப் போகக்கூடியவள். அஞ்சடிப் பெரியவரோ மறுவாரமும் அங்கேயே இருந்தவர். ஊர் ஊராகச் சுற்றுபவளைக் கதைத்தலைவி ஆக்கியபோதே, காத்திருத்தல் என்பது கதையிலிருந்து நழுவிவிட்டது.

காத்திருத்தலை எப்படிக் கலையாக்குவது என்று கேட்பவர்க்கு நம் முல்லைப்பாட்டை நினைவூட்டுவேன். போர்ப் பாசறையில் நீர்க்கடிகாரமாகிய கன்னலைப் பார்த்து அரசனுக்குப் பொழுது சொல்பவர்கள் அப்பாட்டில் வருகிறார்கள். மறுபுறம், தலைவன் குறித்த பருவத்தை எண்ணித் தலைவி வீட்டில் இருக்கிறாள். ஒரே பாட்டில் அளக்கப்படும் பொழுதும் இருக்கிறது. ஆற்றியிருக்கும் பொழுதும் இருக்கிறது. 103 அடிகளில் அது முடிந்ததை ஓர் ஆட்டத்தால் செய்ய இயலாது என்று நான் நம்பவில்லை. கைப்பேசிக்கு நாள் தெரியும், மணி தெரியும். இன்று பொருத்திய கடிகாரத்தை நாளை வந்து பார், எத்துணை பிழைத்திருக்கிறதென்று சொல் என்று ஆட்டம் கேட்டிருக்கலாம். மூன்றாம் நாள் சகோதரியர் மீண்டும் சிறிது முரண்படும் காட்சியை வைத்திருக்கலாம். கருவியிலேயே இருந்த காலத்தை ஆட்டம் பயன்படுத்தவில்லை. அவசரப்படுத்தும் காலத்தை விலக்கியவர்கள், ஆற்றியிருக்கும் காலத்தையும் சேர்த்து விலக்கிவிட்டார்கள்.

இவ்வளவு கடிந்துரைத்தாலும், இந்த ஆட்டத்தை நான் ஒதுக்கவில்லை. 1969ஆம் ஆண்டு ஜப்பானின் செய்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை வெளியிட்ட பின்னர்ச் சாவி கொடுக்கும் கடிகாரம் அன்றாட வாழ்விலிருந்து மெல்ல மறைந்தது. இன்று என் பள்ளியில் 'சாவி கொடுத்தல்' என்றால் பூட்டைத் திறக்கும் சாவியைத் தருவது என்றே பிள்ளைகள் பொருள் கொள்கின்றனர். கடிகாரத்துக்குள் சக்கரம் சுழல்கிறது என்பதையே இத்திரையில்தான் அவர்கள் முதன்முதலாகக் கண்டார்கள். கண்டதனால்தானே அந்த வினாவும் பிறந்தது?

பாடவேளை முடிந்த மறுநாள், பள்ளியின் பழைய பொருள் அறையில் துருப்பிடித்துக் கிடந்த மேசை அலாரக் கடிகாரம் ஒன்றைத் தேடி எடுத்து ஆறாம் ஆண்டு வகுப்பில் வைத்தேன். சுருளை முழுதும் தளர்த்திக் கொடுத்த பிறகே பிரிக்கவிட்டேன். பழைய அனுபவம் அப்படி. இரண்டு வாரம் பிரித்தார்கள், துடைத்தார்கள், பொருத்தினார்கள். இரண்டு முறை திருகாணி காணாமல் போய், ஒருமுறை துடைப்பத்தில் கிடைத்தது. பத்தாம் நாள் ஓடிற்று. கைதட்டல் அடங்கியதும், அந்த மாணவி கரும்பலகையின் ஓரத்தில் சுண்ணக்கட்டியால் கட்டம் போட்டாள். நாள்தோறும் காலைச் சபை கலைந்ததும், வானொலி மணியோடு ஒத்துப் பார்த்து அதில் எழுதுகிறாள். முதல் நாள் 11 நிமிடம் பிந்தல். பின்புறத்து நெம்பை ஒரு மயிரளவு நகர்த்தினோம். இன்று காலை நான் வகுப்பைத் தாண்டிச் சென்றபோது கட்டத்தில் 6 நிமிடம் முந்தல் என்றிருந்தது. நெம்பை அளவுக்கு மீறித் தள்ளியது யார் என்று இரண்டு பையன்கள் சண்டையிட்டுக் கொண்டிருந்தார்கள்.